ஜன்னலைச் சுற்றி அடிக்கும் ஓரப்பட்டை: மரத்தின் அசைவு பற்றிய எளிய விளக்கம்

ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும் ஜன்னல் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கிறது. பங்குனி வந்தால் அதே கதவு காற்றில் கடகடவென்று ஆடுகிறது. கூடவே, ஜன்னல் நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு நான்கு பக்கமும் ஓடித் தெரிகிறது. வீட்டுக்காரர் மரம் சரியில்லை என்பார். மர வியாபாரி தச்சு வேலை சரியில்லை என்பார். தச்சர் கொத்தனாரைக் கைகாட்டுவார். கொத்தனாரோ, வெயிலில் மரம் விரிந்து கலவையைத் தள்ளிவிட்டது என்று பேச்சை முடிப்பார். முதல் மூவர் சொல்வதில் சில வீடுகளில் உண்மை இருக்கலாம். நான்காமவர் காரணத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

இந்த வெடிப்பை மறைக்க ஜன்னலின் உட்புறத்தில் மரப்பட்டை அடித்து முடிப்பது, கைக்கருவிகள் நான்கைந்து வைத்திருப்பவர் தம் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய தச்சு வேலை. ஆனால் அந்தப் பட்டையை வெறும் அலங்காரம் என்று எண்ணிக்கொண்டு தொடங்குபவர், ஆணியை அடிக்கக் கூடாத இடத்தில் அடித்து, பூசக் கூடாத இடத்தில் பூசி, அடுத்த பருவம் மாறும்போது ஒரு வெடிப்புக்குப் பதிலாக இரண்டு வெடிப்புகளைப் பார்ப்பார். அந்தப் பட்டை, ஓய்வில்லாமல் அசைந்துகொண்டிருக்கும் ஓர் இடுக்கின் மேல் வைக்கப்படும் மூடி. இதைப் புரிந்துகொண்டால் எங்கே வெட்டுவது, எங்கே ஆணி அடிப்பது, எதைப் பூசுவது என்பவை எல்லாம் மனப்பாடம் செய்யாமலே விளங்கிவிடும்.

முதலில் சில பெயர்கள்

சுவரில் பதிந்து அசையாமல் நிற்கும் மரச்சட்டத்தை நிலை என்றும், கீல் வைத்துத் திறந்து மூடும் பகுதியைக் கதவு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். தமிழ்நாட்டுச் செங்கல் வீடுகளில் நிலைக்கட்டையின் அளவைத் தச்சர்கள் ‘நாலுக்கு ரெண்டரை’, ‘அஞ்சுக்கு மூணு’ என்று அங்குலக் கணக்கில் சொல்வார்கள். நிலையின் பக்கங்களில் ‘ஹோல்டுபாஸ்ட்’ எனப்படும் இரும்புத் துண்டுகளைத் திருகி, அவற்றின் மறுமுனையைக் கட்டுமானத்துக்குள் கான்கிரீட் வைத்துப் புதைத்துவிடுவது வழக்கம். பிறகு பூச்சு வேலை செய்பவர் சிமெண்டுக் கலவையை நிலையின் விளிம்புவரை இழுத்துக்கொண்டுவந்து முடிப்பார். மரமும் கலவையும் சந்திக்கும் அந்தக் கோட்டை இடுக்கு என்று அழைப்போம்.

இடுக்கை மூடுவதற்கு அடிக்கும் ஒல்லியான மரத்துண்டுதான் ஓரப்பட்டை. கட்டட வரைபடங்களில் இது ‘ஆர்க்கிட்ரேவ்’. மரக்கடையில் ‘பீடிங்’ என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். பெயிண்டர்கள் சொல்லும் ‘பட்டி’ வேறு. அது ஓட்டையையும் பள்ளத்தையும் அடைக்கும் குழைந்த மாவு. பட்டை போட வேண்டிய இடத்தில் பட்டி போட்டுவிடுவதுதான் ஊரில் நடக்கும் தவறுகளில் மிகப் பரவலானது என்பதால், எழுத்து ஒன்றுதான் வித்தியாசம் என்றாலும் இந்த இரண்டையும் பிரித்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

நமத்த அப்பளமும் வண்டிச் சக்கரமும்

பொரித்த அப்பளத்தை மழைநாளில் மூடாமல் வைத்தால் சிறிது நேரத்தில் நமத்துப்போகிறது. அதன்மேல் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. காற்றில் இருந்த ஈரத்தை அதுவே இழுத்துக்கொண்டது. மரமும் இதைத்தான் செய்கிறது. அப்பளம் நிமிடக் கணக்கில் செய்வதை, கனமான நிலைக்கட்டை வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் செய்கிறது. அதனால்தான் நம் கண்ணுக்கு அது படுவதில்லை.

ஈரம் போனால் மரத்துக்கு என்ன ஆகும் என்பதை மாட்டுவண்டி வைத்திருந்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கோடை முற்றியதும் சக்கரத்தின் மரம் வற்றி, அதைச் சுற்றி ஏற்றியிருக்கும் இரும்புப் பட்டா தளர்ந்துவிடும். வண்டிக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடுவார். ஊறிய மரம் பருத்துப் பட்டாவை மறுபடியும் இறுக்கிக்கொள்ளும். வெயில் மரத்தை விரிக்கும் என்பது உண்மையாக இருந்தால், சித்திரை மாதத்தில் அந்தப் பட்டா தளர்ந்திருக்கவே கூடாது.

வெப்பத்தால் எல்லாப் பொருளும் விரியும் என்று பள்ளியில் படித்ததும், தண்டவாளங்களின் நடுவே இடைவெளி விடுவதைப் பார்த்ததும் சேர்ந்துதான் இந்தக் குழப்பத்தை உண்டாக்குகின்றன. மரமும் வெப்பத்தால் விரியத்தான் செய்கிறது, ஆனால் நீளவாக்கில் எஃகைவிடக் குறைவாக: 1,200 மில்லிமீட்டர் உயரமுள்ள நிலை 15 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட அதிகரிப்பதில்லை. அதே வெயில் மரத்திலிருந்து ஈரத்தை வெளியேற்றுவதால் ஏற்படும் சுருக்கம் இதைப்போலப் பல மடங்கு. ஆகவே வெயிலில் மரம் சுருங்குகிறது, மழையில் பருக்கிறது என்பதே வீட்டு ஜன்னலைப் பொறுத்தவரை சரியான கணக்கு.

வைக்கோல் கட்டுக்குள் இருக்கும் தண்ணீர்

ஒரு மரத்துண்டை, ஒன்றோடொன்று ஒட்டிவைத்த வைக்கோல்களின் கட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வைக்கோலும் உள்ளே துளையுள்ள ஒரு குழல். மரத்தின் நார் உயிரணுக்களும் அப்படிப்பட்ட மிக மெல்லிய குழல்களே, பெரும்பாலும் மரம் நின்ற திசையில், மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டவை. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழலின் துளைக்குள் நிற்பது ஒன்று. குழலின் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது மற்றொன்று.

வெட்டிய மரம் காயத் தொடங்கும்போது முதலில் வெளியேறுவது துளைக்குள் நிற்கும் தண்ணீர். குடம் காலியானால் குடத்தின் அளவு குறைவதில்லை அல்லவா? அதுபோல இந்தத் தண்ணீர் போகும்வரை மரத்தின் எடை குறையுமே தவிர, அளவு மாறாது. துளைகள் வற்றி, சுவர்கள் மட்டும் முழுமையாக ஊறியிருக்கும் கட்டத்துக்கு நார் நிறைவு நிலை என்று பெயர். தண்ணீரின் எடையை, முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொன்னால், பெரும்பாலான மரங்களில் இது 25 முதல் 30 சதவீதத்துக்குள் வரும். இதற்குக் கீழே போகும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குழல் சுவர்கள் மெலிகின்றன, மரம் சுருங்குகிறது. திரும்ப ஈரம் ஏறினால் சுவர்கள் தடிக்கின்றன, மரம் பருக்கிறது.

எதுவரை காயும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் கொடுப்பதும் வாங்குவதும் சமமாகி நின்றுவிடும் அளவைச் சமநிலை ஈரம் என்பார்கள். அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் பாதி, அதாவது 50 சதவீதம் இருந்தால், மரத்தின் சமநிலை ஈரம் ஏறத்தாழ 9 சதவீதம். 80 சதவீதம் இருந்தால் 15 அல்லது 16. ஏசி இரவெல்லாம் ஓடும் அறையின் காற்று உலர்ந்துவிடுவதால், அந்த அறையின் ஜன்னலுக்கு ஊரின் பருவத்தோடு அறையின் பருவமும் சேர்ந்துகொள்கிறது. உட்புறம் ஒன்றைச் சொல்ல, வெளிப்புறம் வேறொன்றைச் சொல்லும்.

இதுவரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால்: மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்குகிறது, அந்த ஈரம் குழல் சுவர்களில் தங்குவதால் மரத்தின் பருமன் மாறுகிறது, வெப்பத்துக்கு இதில் பங்கு மிகச் சிறிது.

நீளம் மாறாது, அகலம் மாறும்

வைக்கோல் கட்டை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த செய்தி தானாக வந்துவிடும். ஒவ்வொரு குழலின் சுவரும் தடித்தால் கட்டின் பருமன் கூடும். கட்டின் நீளம் கூடுவதற்குக் காரணமே இல்லை. மரத்திலும் நார் ஓடும் திசையில் அசைவு கிட்டத்தட்ட இல்லை. முழுப் பச்சையிலிருந்து முழு உலர்வு வரையிலும் நீளவாக்கில் சுருங்குவது பெரும்பாலான மரங்களில் 0.1 முதல் 0.2 சதவீதமே.

குறுக்குவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது; அதிலும் இரண்டு வகை உண்டு. மரத்தை அறுத்தால் தெரியும் ஆண்டு வளையங்களை ஒட்டி, அவை வளைந்து செல்லும் திசையில் சுருக்கம் அதிகம். நடுவிலிருந்து மரத்தின் வெளிப்பட்டையை நோக்கி, வளையங்களை வெட்டிக்கொண்டு செல்லும் திசையில் அதில் ஏறத்தாழ பாதிதான். தேக்கில் முழு உலர்வு வரை முதல் திசையில் 5.8 சதவீதமும் இரண்டாம் திசையில் 2.5 சதவீதமும் சுருக்கம் ஏற்படுகிறது. பல மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவான அளவு. தேக்குக்கு இருக்கும் பெயருக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த எண்களை ஜன்னலுக்குக் கொண்டுவருவோம். 75 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்கு ஓரப்பட்டை, அதிகம் அசையும் திசையில் அறுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஈரம் 9 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு ஏறினால், ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.2 சதவீதம் என்ற கணக்கில் மொத்தம் 1.2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் அகலம் கூடும். அதே பட்டை 1,200 மில்லிமீட்டர் நீளம் இருந்தாலும், நீளவாக்கில் கூடுவது அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பட்டையின் நீளம் அகலத்தைப்போல 16 மடங்கு. ஆனாலும் அதிகம் மாறுவது அகலம்தான்.

வளையத்தை ஒட்டிய திசையில் கூடுதலாகச் சுருங்குவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அகலமான பலகை காயும்போது, அதன் முனையில் தெரியும் வளைய வில்கள் நிமிரப் பார்ப்பதால், பலகை குழிந்து போகிறது. ஓரப்பட்டை சுவரில் ஒரு விளிம்பு ஒட்டியும் மறுவிளிம்பு தூக்கியும் நிற்பது பெரும்பாலும் இதனாலேயே. முனையில் வளையங்கள் நேர்க்கோடுகளாக, அகலத்துக்குக் குறுக்காக நிற்கும் துண்டுகளைக் கடையில் பொறுக்கி எடுத்தால் குழிவதும் குறையும், அகலம் மாறுவதும் பாதியாகும். இதற்குக் கூடுதலாகப் பணம் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

‘நல்ல தேக்கு அசையாது’ என்பது பற்றி

வைரம் பாய்ந்த மரம் செல்லுக்கும் அழுகலுக்கும் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. அது ஈரம் வாங்காது என்பது உண்மை அன்று. நூறாண்டு பழைய வீட்டை இடித்தெடுத்த தேக்கும், புதிதாக வாங்கிய தேக்கும் இன்றைய காற்றுக்கு ஏற்ப அசையவே செய்யும்.

‘சீசன் செய்த மரம்’ என்ற சொல்லும் இப்படித்தான் தளர்வாகப் புழங்குகிறது. பதப்படுத்துதல் என்பது, மரத்தைப் பொருத்துவதற்கு முன்பே அதன் ஈரத்தை, அது வாழப்போகும் இடத்தின் சமநிலை ஈரத்துக்கு அருகில் கொண்டுவருவது. நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கிக் காற்றாட விட்டாலும் சரி, சூளையில் உலர்த்தினாலும் சரி, முதல் பெரிய சுருக்கத்தை வேலைக்கு முன்பே முடித்துவிடுவதுதான் அதன் பயன். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வரும் சிறிய அசைவை அது நிறுத்துவதில்லை.

வாங்கிய பட்டை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஊசி வைத்துக் குத்தும் ஈரமானிகள் கிடைக்கின்றன. அது இல்லாதவருக்குச் சமையலறைத் தராசு போதும். பட்டைகளை எந்த அறையில் அடிக்கப் போகிறோமோ அந்த அறையிலேயே, அடியில் குறுக்குச் சட்டம் வைத்து அடுக்கி, அவற்றிலிருந்து வெட்டிய ஒரு துண்டை இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை எடை போட்டு எழுதிவர வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் காய்கிறது. இரண்டு மூன்று முறை ஒரே எடை காட்டினால் அறையின் காற்றோடு அது ஒத்துப்போய்விட்டது.

சுவர் மட்டும் அசையாமல் நிற்கிறது

சிமெண்டுப் பூச்சு இறுகும் நாள்களில் கொஞ்சம் சுருங்கும். அதற்குப் பிறகு, மரத்தோடு ஒப்பிட்டால், அசையாத பொருள் என்றே கொள்ளலாம். புதிய வீட்டில் பூச்சு வேலைக்காக ஊற்றும் தண்ணீர் முழுவதும் நிலையின் அருகில்தான் இருக்கிறது. பருத்த நிலையை ஒட்டியே கலவையும் இறுகிவிடுகிறது. அதனால் முதல் கோடையில் நிலை வற்றும்போது, இடுக்கு திறப்பது பிழை அன்று, இயல்பு. நிலையின் சுவர்ப்பக்கத்துக்குத் தார் பூசி நிறுத்துவது இந்த ஈரத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது.

இந்த இடுக்கை வெள்ளைச் சிமெண்டும் பட்டியும் வைத்து அடைத்துவிட்டால் என்ன? என் வீட்டின் ஒரு ஜன்னலில் இரண்டு முறை அடைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் அடுத்த பருவ மாற்றத்தில், முன்பிருந்ததற்கு ஒரு விரற்கடை தள்ளி, இன்னும் கோணலான வெடிப்பு வந்தது. கெட்டியாக இறுகும் பொருளை அசையும் இடத்தில் வைத்தால், ஒன்று அது மரத்திலிருந்து பிரியும். அல்லது பக்கத்துப் பூச்சைப் பிய்த்துக்கொண்டு போகும். மூன்றாவது வழி அதற்குக் கிடையாது.

எனவே இடுக்கை அடைக்காமல் மூட வேண்டும். மூடி, ஒரு பக்கம் பிடித்திருக்க வேண்டும். மறுபக்கம் சறுக்கிக்கொள்ள விட வேண்டும். ஓரப்பட்டையின் இலக்கணம் முழுவதும் இந்த வரிக்குள் இருக்கிறது.

எந்த ஜன்னலுக்கு எந்தப் பட்டை

நிலையின் முகமும் உட்புறச் சுவர்ப் பூச்சும் ஒரே மட்டத்தில் இருந்தால், 50 முதல் 75 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டைப் பட்டை இரண்டின்மேலும் பரவி உட்காரும். நிலை சுவரின் கனத்துக்குள்ளே தள்ளி நின்றால், அதாவது ஜன்னலைச் சுற்றிப் பூசிய பக்கச்சுவர் தெரிந்தால், தட்டைப் பட்டைக்கு இடமில்லை. நிலையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் கால்வட்ட வடிவமுள்ள சிறிய பீடிங் ஓட்டினால் போதும். கொசுவலைக் கதவு உட்புறமாகத் திறக்கும் ஜன்னல்களில் கீலின் புடைப்புக்கும் கதவின் வீச்சுக்கும் பட்டை இடம்விட வேண்டும். இதை அளக்காமல் அடித்துவிட்டுப் பிறகு பட்டையைச் செதுக்கும் காட்சி அடிக்கடி காணக்கிடைப்பது.

தட்டைப் பட்டையை நிலையின் உள்விளிம்போடு சமமாக வைக்கத்தான் கை போகும். அப்படி வைக்கக் கூடாது. இரண்டு விளிம்புகளை ஒரே கோட்டில் சேர்த்தால், அரை மில்லிமீட்டர் விலகலும் விரலுக்குத் தட்டுப்படும், கண்ணுக்கும் படும். அந்த அரை மில்லிமீட்டரை மரம் பருவந்தோறும் தானாகவே உண்டாக்கும். மாறாக, பட்டையை நிலையின் விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு உள்தள்ளி வைத்தால், வேட்டிக் கரைபோல ஒரு சிறிய படி தெரியும். அது நான்கரையோ ஐந்தரையோ ஆவதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அளவைச் சீராக வைக்க, ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு துண்டுக் கட்டையை விளிம்பில் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளலாம்.

சுவர் மேடுபள்ளமாக இருப்பது வழக்கம் என்பதால், பட்டையின் பின்புறத்தில் நடுப்பகுதியை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீளவாக்கில் குடைந்துவிடுவது நல்லது. அப்போது பட்டை நடுவில் மோதி ஆடாமல் இரண்டு விளிம்புகளில் உட்காரும்.

மூலைகள்

ஜன்னல் மூலை என்றாலே இரண்டு பட்டைகளையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்ப்பதுதான் அழகான வேலை என்ற எண்ணம் உண்டு. அந்தச் சாய்வெட்டு இணைப்பு, அசைவை மறைப்பதற்குப் பதிலாக அதைப் பெரிதாக்கிக் காட்டும் இணைப்பு என்பதைத் தெரிந்துகொண்டே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரணம் முன்பே வந்ததுதான். பட்டையின் அகலம் குறைகிறது, நீளம் குறைவதில்லை. ஆகவே 45 டிகிரியில் வெட்டிய கோணம் கூர்மையடைந்து 45-க்குக் கீழே போய்விடுகிறது. இரண்டு பட்டைகளிலும் இது நடப்பதால், வெளிமூலையில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்க, உள்மூலையில் ஆப்பு வடிவத்தில் ஒரு பிளவு திறக்கும். முன்பு கணக்கிட்ட 75 மில்லிமீட்டர் பட்டைகளை மழைக்காலத்தில் வெட்டிச் சேர்த்து, அவை கோடையில் 15 சதவீத ஈரத்திலிருந்து 9 சதவீதத்துக்குக் காய்ந்தால், உள்மூலையில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான பிளவு விழும். கோடையில் வெட்டிச் சேர்த்தால் மழையில் நேர்மாறாக, உள்மூலை இடித்துக்கொண்டு வெளிமூலை திறக்கும். மூலைப் பிளவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே, அந்த வேலை ஈரமான நாளில் நடந்ததா, உலர்ந்த நாளில் நடந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அகலமான பட்டைகளுக்கு நேர்வெட்டே நல்லது: பக்கப் பட்டைகள் இரண்டும் நேராக நிற்க, மேல்பட்டை அவற்றின் தலைமேல் படுத்து, இருபுறமும் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கப் பட்டையின் நீளம் மாறாததால் மேல்பட்டைக்கும் அதற்கும் இடையே பிளவு திறப்பதில்லை. அகலம் மாறினால் நீட்டலின் அளவு கொஞ்சம் மாறும், அது கண்ணுக்குப் படாது. 25 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஒல்லிப் பட்டைகளில் மொத்த அசைவே சிறியது என்பதால் சாய்வெட்டு தாராளமாகச் செய்யலாம். அப்போதும் மூலைமட்டம் வைத்து நிலையின் மூலையைச் சோதித்த பிறகே வெட்ட வேண்டும். மூலை 91 டிகிரியாக இருந்தால் வெட்டு நாற்பத்தைந்தரை. சுவரைத் திருத்த முடியாது.

அடிப்பக்கத்தில் கடப்பாக் கல்லோ கிரானைட்டோ பதித்திருந்தால், பக்கப் பட்டையைக் கல்லின்மேல் நேரடியாக நிறுத்தாமல் இரண்டு மில்லிமீட்டர் தூக்கி நிறுத்த வேண்டும். வைக்கோல்களின் வாய் திறந்திருக்கும் இடம் பட்டையின் வெட்டுமுனை. துடைத்த தண்ணீரையும் சாரலையும் பக்கங்களைவிட மிக வேகமாக அதுவே உறிஞ்சும்.

ஆணி அடிக்கும் கோடு

தட்டைப் பட்டையின் உள்விளிம்பு நிலைமேலும் வெளிவிளிம்பு சுவர்மேலும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு விளிம்பிலும் ஆணி அடித்து இறுக்கினால், அசையும் நிலைக்கும் அசையாத சுவருக்கும் நடுவே பட்டை கைகால் கட்டப்பட்டு நிற்கும். சுருங்க இடமில்லாமல் நாரோட்டத்தில் பிளக்கும், அல்லது ஆணியைத் தளர்த்திக்கொள்ளும். எனவே ஆணிகள் எல்லாம் நிலைக்குள் இறங்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சுவர்ப்பக்க விளிம்பு வெறுமனே அணைந்திருந்தால் போதும். பசை தடவுவதும் அதே காரணத்தால் வேண்டாம். பூச்சில் ஆணி அடித்தால் கலவை உதிரும் என்பதால், இந்த ஒரு விதியை மட்டும் மீறுவதற்கு யாருக்கும் பெரிதாக ஆசை வராது.

தேக்கு, வேங்கை போன்ற கெட்டி மரங்களில், ஆணியைவிடச் சற்று ஒல்லியான துளையை முதலில் போட்டுக்கொண்டு அடித்தால் முனை பிளக்காது. தலை சிறுத்த ஆணிகளைப் பயன்படுத்தி, மழுங்கிய முனையுள்ள ஒரு கம்பியால் தலையை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தட்டி, அந்தக் குழியை மட்டும் பட்டியால் அடைக்கலாம். பட்டிக்கு இந்த வேலையில் உள்ள இடம் அவ்வளவே. கடற்கரை ஊர்களில் இரும்பு ஆணி துருவேறிப் பூச்சின்மேல் கறை காட்டும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை ஆணிகளுக்குக் கொஞ்சம் செலவழிப்பது தகும்.

இங்கே ஒரு சிறு தொகுப்பு: பட்டை நிலையோடு மட்டும் சேர்ந்து அசைகிறது, அதன் உள்விளிம்பு படி வைத்துத் தள்ளி நிற்கிறது, மூலைகள் நீளம் மாறாத பக்கத்தை நம்பி வெட்டப்பட்டிருக்கின்றன. இனி மிஞ்சியிருப்பது மேற்பூச்சு.

பூச்சு எதைச் செய்யும், எதைச் செய்யாது

வார்னிஷும் பெயிண்ட்டும் ஈரத்துக்குப் போடும் பூட்டு என்று நம்பப்படுகிறது. அவை ஈரத்தின் போக்கைத் தாமதப்படுத்துகின்றன, தடுப்பதில்லை. அந்தத் தாமதத்துக்கும் மதிப்பு உண்டு: இரண்டு நாள் மழையை மரம் கவனிக்காமலே கடந்துவிடும், இரண்டு மாத மழையைக் கவனிக்கும்.

தாமதம் எல்லாப் பக்கமும் ஒரேபோல் இருந்தால்தான் பயன். முன்புறம் மூன்று கை பெயிண்ட்டும் பின்புறம் வெறும் மரமுமாக அடித்த பட்டையில், சுவரை ஒட்டிய பின்புறம் ஈரத்தை வேகமாக வாங்கும், முன்புறம் மெதுவாக வாங்கும், பட்டை வளையும். ஆகவே அளவெடுத்து வெட்டி, உப்புத்தாள் தேய்த்து முடித்தவுடன், ஆணி அடிப்பதற்கு முன்பே, முன், பின், இரு விளிம்பு, இரு முனை என ஆறு முகங்களுக்கும் பிரைமர் அடித்துவிட வேண்டும். வெட்டுமுனைகள் முதல் கையை முழுவதும் குடித்துவிடும் என்பதால் அங்கே இரண்டு கை. கடைசிக் கை பெயிண்ட்டைச் சுவரில் ஏற்றிய பிறகு அடித்துக்கொள்ளலாம். மரநிறம் தெரிய வேண்டும் என்று வார்னிஷ் போடுபவரும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

விலை குறைவு என்று எம்.டி.எப். பட்டைகளை எடுப்பவர்கள் உண்டு. மரத்தூள் நாரை அழுத்திச் செய்த பலகை என்பதால் அதில் நாரோட்டம் கிடையாது, மூலைகளும் நன்றாக நிற்கும். ஆனால் நீர் பட்டால் கனத்தில் ஊதும், காய்ந்த பின்னும் பழைய கனத்துக்குத் திரும்பாது. சாரல் உள்ளே வரும் ஜன்னலுக்கு அது ஆகாது.

பட்டையின் வெளிவிளிம்புக்கும் சுவருக்கும் நடுவே தெரியும் மெல்லிய நிழல்கோட்டை அப்படியே விட்டாலும் குற்றமில்லை. அடைக்கத்தான் வேண்டும் என்றால், இறுகிய பின்னும் ரப்பர்போல இழுபடும் அக்ரிலிக் சீலண்ட் போட வேண்டும். அதன்மேல் பெயிண்ட் பிடிக்கும். குளியலறைக்கு வாங்கிய சிலிகான் மிச்சமிருக்கிறது என்று அதை இங்கே இழுத்துவிட்டால், பெயிண்ட் அதன்மேல் திரண்டு ஒதுங்கிக்கொள்ளும். மரம் வற்றி இடைவெளி அகன்றிருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. அப்போது நிரப்பியது மழையில் நசுங்கும், அதைச் சீலண்ட் பொறுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இடைவெளி நூலிழையாக இருக்கும்போது மேலோட்டமாகத் தடவியது கோடையில் இழுபட்டுப் பிய்ந்துவிடும்.

இறுகிய கதவை இழைப்பதற்கு முன்

ஓரப்பட்டை அடிக்கும் கையோடு, மழையில் சிக்கும் கதவையும் இழைத்துவிடலாம் என்று தோன்றும். ஐப்பசியில் கதவு நன்றாகப் பருத்திருக்கும் நிலையில் அதைத் தாராளமாக ஓடும்வரை இழைத்தால், பங்குனியில் அந்தப் பக்கம் காற்றும் கொசுவும் வரும் அளவுக்கு இடைவெளி விழும். எங்கே உரசுகிறது என்று ஒரு தாளை நுழைத்துப் பார்த்து, உரசும் இடத்தை மட்டும், தாள் வழுக்கிச் செல்லும் அளவுக்கு இழைத்தால் போதும்.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கதவை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஒவ்வொரு மழைக்கும் ஒருமுறை இழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் இழைப்புளி பட்ட விளிம்பு வெறும் மரமாகவே விடப்பட்டது. அடுத்த மழையில் கதவின் மற்ற பக்கங்களைவிட அந்த விளிம்பே முதலில் ஈரத்தைக் குடித்துப் பருத்தது. இழைத்ததே அடுத்த இழைப்புக்குக் காரணமாயிற்று. நான்காம் ஆண்டு பங்குனியில், கதவு நன்றாக வற்றியிருந்த ஒரு நாளில், கீலைக் கழற்றி அந்த விளிம்புக்கும் மேல் கீழ் முனைகளுக்கும் இரண்டு கை பிரைமரும் அதன்மேல் பெயிண்ட்டும் அடித்து மாட்டினேன். அந்த ஆண்டு ஐப்பசியில் கதவு கொஞ்சம் இறுகியது. இழைப்புளியை எடுக்க வேண்டியிருக்கவில்லை.